சண்டைக்காரப் பூனையைச் சாக்கில் கட்ட வேண்டாம்

பல்லடம், பொங்கலூர், காங்கயம், அவிநாசி வட்டாரங்களில் பூனை இல்லாத தோட்டத்துச் சாளையைப் பார்ப்பது அரிது. மக்காச்சோள மூட்டை அடுக்கிய அறை, கொப்பரைக் களம், மாட்டுத் தீவனம், பக்கத்திலேயே நான்கு தறி ஓடும் தறிக்குடோன். எலிக்கு இதைவிட நல்ல இடம் வேறு என்ன வேண்டும்? மூட்டையைக் கடிக்கும் எலி நூல் கோனையும் கடிக்கிறது. ஆகவே ஒரு பூனையைக் கொண்டுவந்து விடுகிறோம். அது குட்டி போடுகிறது. இரண்டு ஆண்டுக்குள் நான்கைந்து பூனைகள் ஆகிவிடுகின்றன.

தொல்லை அதன் பிறகுதான் தொடங்குகிறது. ஒன்றாகப் படுத்து ஒரே தட்டில் தின்ற பூனைகளில் ஒன்று மற்றவற்றை விரட்டத் தொடங்குகிறது. அடிபட்ட பூனை பரணை விட்டு இறங்குவதில்லை. இன்னொன்று பயத்தில் கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கிறது. பனியன் கம்பெனியிலிருந்து பிசிறு வெட்டக் கொண்டுவந்த துணிக்கட்டின் மேல் அந்த நாற்றம் ஏறிவிட்டால் சரக்கு திரும்பி வரும், கூலியும் பிடிபடும். விலக்கப் போன வீட்டுக்காரருக்குக் கையில் கடி விழுகிறது. உடனே எடுக்கப்படும் முடிவு எல்லா ஊரிலும் ஒன்றுதான்: சண்டைக்காரப் பூனையைச் சாக்கில் போட்டுக் கட்டி, இரு சக்கர வண்டியில் பத்து மைல் தள்ளிக் கொண்டுபோய் விட்டுவிடுவது.

இந்தப் பழக்கத்தை விட வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை. இரக்கம் ஒரு புறம் இருக்கட்டும். உணவும் நீரும் இன்றித் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் ஒரு புறம் இருக்கட்டும். கணக்குப் பார்த்தாலும் இதில் லாபமில்லை. ஒரு கடுவன் போன இடத்துக்குச் சில வாரங்களில் அக்கம்பக்கத்துக் கடுவன் வந்து சேரும். எலியும், இரையும், பெட்டைப் பூனையும் இருக்கும் இடம் காலியாகக் கிடக்காது. புதிதாக வருவது உங்கள் கைக்கு அடங்கவும் அடங்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆளைக் கடித்த பூனையை நாடு கடத்துவது வீட்டாரின் உயிருக்கே ஆபத்தான செயல். அதற்கான காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன்.

பூனை ஏன் சண்டையிடுகிறது?

ஆடு, மாடு, நாய் இவை மூன்றும் கூட்டமாக வாழும் இனங்கள். பட்டியில் இரண்டு கிடாய்கள் முட்டிக்கொண்டால் தோற்றது ஒதுங்கிவிடும்; மறுநாள் அடுத்தடுத்து நின்று மேயும். பூனையின் வழி வேறு. தானியம் சேமித்த இடத்துக்கு எலி வந்தது, எலியைத் தேடி மேற்கு ஆசியாவின் காட்டுப் பூனை வந்தது, அப்படியே மனிதரோடு தங்கிவிட்டது என்பது ஆராய்ச்சியாளர்கள் கூறும் வரலாறு. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் மனிதரோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூடு கிடைத்திருக்கிறது. இத்தனை காலம் ஆகியும் அது தனியாகவே வேட்டையாடும் பிராணி. தனக்கென்று ஓர் எல்லை வைத்துக்கொள்கிறது. நாயைப்போல வாலைக் குழைத்துச் சமாதானம் சொல்லும் வழக்கம் அதற்கு இல்லை. சண்டை ஒருமுறை மூண்டுவிட்டால் தானாகத் தணியும் என்று காத்திருப்பது பெரும்பாலும் வீண்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குட்டிப் பருவத்தில் ஒற்றுமையாக இருந்தவை இரண்டு முதல் நான்கு வயதுக்குள் எதிரிகளாவது உண்டு. முழு வளர்ச்சி அடைந்து தன் இடத்தை நிலைநாட்டும் வயது அது. பூனைக்குக் குணம் கெட்டுவிட்டது என்று இதற்குப் பொருளல்ல.

விளையாட்டையும் சண்டையையும் பிரித்தறிவது எளிது. விளையாட்டில் இரண்டும் மாறி மாறித் துரத்தும், நகம் உள்ளே இருக்கும், சத்தம் இருக்காது. சண்டையில் காது பின்னால் மடியும், முடி சிலிர்க்கும், சீறலும் ஊளையும் எழும், எப்போதும் ஒன்றே ஓடும், ஒன்றே துரத்தும். சத்தமில்லாத சண்டையும் ஒன்று உண்டு. ஒரு பூனை சமையலறை வாசலில் சும்மா படுத்திருக்கும். மற்றது அதன் பார்வையைத் தாண்டிச் சோற்றுக்குப் போகத் துணியாமல் பட்டினி கிடக்கும். “ஒற்றுமையாகத்தான் இருக்கின்றன, ஆனால் இந்தப் பூனை மட்டும் இளைக்கிறது” என்று சொல்லும் வீடுகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே பரிகாரம். காயடிக்காத கடுவன்கள் பெட்டைக்காகவும் எல்லைக்காகவும் மோதுகின்றன. குட்டி போட்ட தாய், அருகில் வரும் எந்தப் பூனையையும் பாயும். அதற்குத் தனி மூலை கொடுத்துவிட்டால் குட்டிகள் வளர்ந்ததும் சரியாகிவிடும். அதுவரை சாதுவாக இருந்த பூனை திடீரென்று கடிக்க ஆரம்பித்தால் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொத்தைப் பல், காதில் சொறிப்பூச்சி, தோலுக்கு அடியில் சீழ்க்கட்டி ஆகியவை எந்தப் பூனையையும் கடிக்க வைக்கும்.

வீட்டார் எளிதில் ஊகிக்க முடியாத காரணமும் ஒன்று உண்டு. சன்னலில் உட்கார்ந்திருக்கும் பூனை வெளியே அயலான் கடுவன் ஒன்றைப் பார்க்கிறது. அதை எட்ட முடியாத ஆத்திரத்தில் பக்கத்தில் படுத்திருக்கும் தன் உடன்பிறப்பைப் பாய்ந்து கடிக்கிறது. மாமியார் மேல் உள்ள கோபத்தைப் பாத்திரத்தின் மேல் காட்டுவதுபோலத்தான். ஆனால் அடிவாங்கிய பூனை அதை மறப்பதில்லை. அன்றுமுதல் அந்த இரண்டுக்கும் ஆகாது. இப்படிப்பட்ட சமயத்தில் உடனே இரண்டையும் தனித்தனி அறையில், இருட்டாக, ஓரிரு நாள் விட்டுவைப்பது பெரிய பகையைத் தடுக்கும்.

முதல் வேலை காயடிப்பு

காளையைக் காயடித்து ஏருக்கும் வண்டிக்கும் பழக்கியவர்கள் நம் காங்கயம் பகுதி விவசாயிகள். காயடித்த எருதின் குணம் எப்படி மாறுகிறது என்பதை அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பூனையிலும் அதுவேதான். 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஹார்ட், பாரெட் என்னும் இருவர், வளர்ந்த பின் காயடிக்கப்பட்ட 42 கடுவன்களைப் பற்றி அவற்றின் சொந்தக்காரர்களிடம் கேட்டு ஆராய்ந்தார்கள். ஊர் சுற்றுவது, சண்டையிடுவது, சுவரில் சிறுநீர் பீய்ச்சுவது ஆகிய மூன்றும் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பூனைகளில் குறைந்திருந்தன. பாதிக்கு மேற்பட்டவற்றில் மாற்றம் விரைவாகவே தெரிந்தது. மற்றவற்றில் சில மாதங்கள் ஆயின. ஆகவே ஒரு வாரத்தில் குணம் மாறவில்லை என்று மனம் தளர வேண்டாம். அறுவைக்குப் பின்னும் சில வாரங்களுக்குக் கடுவனால் சினைப்படுத்த முடியும் என்பதால் ஒரு மாதமாவது அதைப் பெட்டைகளிடமிருந்து பிரித்து வைப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை. காளைக்குக் கிட்டி போடுவதுபோலப் பூனைக்கு வீட்டிலேயே எதையும் முயலக் கூடாது. மயக்க மருந்து கொடுத்துக் கால்நடை மருத்துவர் செய்ய வேண்டிய அறுவை இது. கடுவனுக்கு இது சில நிமிட வேலை. பெட்டைக்கு வயிற்றைத் திறக்க வேண்டியிருப்பதால் சற்றுப் பெரிய அறுவை. ஐந்து, ஆறு மாத வயதிலேயே செய்துவிடலாம். எல்லா மருந்தகங்களிலும் பூனைக்கு அறுவை செய்யும் வசதி இருக்காது. அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையில் முன்கூட்டியே விசாரித்து, நாள் கேட்டுக்கொண்டு போவது அலைச்சலைக் குறைக்கும். உடுமலைப்பேட்டையில் 2020இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் விசாரிக்கலாம்.

பெட்டையையும் விட்டுவிடக் கூடாது. நம் பகுதியில் பகல் பொழுதின் நீளம் ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை. ஆகையால் பெட்டைப் பூனை ஏறத்தாழ எல்லா மாதங்களிலும் பருவத்துக்கு வருகிறது. சினைக்காலம் ஒன்பது வாரம்தான். ஆண்டுக்கு இரண்டு, மூன்று ஈற்று என்று போனால் எத்தனை காயடித்தாலும் சண்டை ஓயாது. காயடித்தால் பூனை எலி பிடிக்காது என்று சிலர் தயங்குகிறார்கள். அப்படி இல்லை. வேட்டை வேறு, இனச்சேர்க்கை வேறு. ஊர் சுற்றுவது குறைவதால் அது உங்கள் களத்திலேயே அதிக நேரம் இருக்கும்.

தட்டும் இடமும்

ஐந்து பூனைக்கு ஒரே தட்டில் பால் சோறு ஊற்றி வைப்பது பஞ்சாயத்தை நாமே கூட்டுவதுபோல. ஒவ்வொரு பூனைக்கும் ஒரு தட்டு, உபரியாக ஒன்று. அவற்றை வரிசையாக வைக்காமல், ஒன்றிலிருந்து மற்றது தெரியாதபடி வைக்க வேண்டும். ஒன்று திண்ணை ஓரம், ஒன்று மாட்டுக் கொட்டகை, ஒன்று தறிக்குடோனுக்கு வெளியே. தண்ணீரும் அப்படியே இரண்டு மூன்று இடங்களில். இதற்குச் செலவு ஒன்றுமில்லை, தேங்காய்த் தொட்டியே போதும். பூனை மலம் கழிக்க மணல் குவியல் இரண்டு மூன்று இடங்களில் இருந்தால் துணிக்கட்டின் பக்கம் போவது குறையும்.

பசியோடு வைத்தால்தான் பூனை எலி பிடிக்கும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. உண்மையில் வயிறு நிறைந்த பூனையும் எலியைக் கண்டால் பாயும். பசித்த பூனை எலிக்காகக் காத்திருக்காமல் பக்கத்துத் தோட்டத்துக் கோழிக்குஞ்சுக்குப் போகும், அல்லது உடன் இருக்கும் பூனையின் தட்டைப் பறிக்கும். பால் சோறு மட்டும் அதற்குப் போதாது. புலால் உணவு வேண்டும். பல்லடம் பக்கம் கறிக்கோழிக் கடைக்குப் பஞ்சமில்லை. வேகவைத்த ஈரல், எலும்பு நீக்கிய கறித்துண்டு கொஞ்சம் சேர்த்தால் போதும். (நன்கு வளர்ந்த பெருச்சாளியைப் பிடிக்கப் பெரும்பாலான பூனைகள் துணிவதில்லை. அதற்குப் பொறிதான் வழி. பூனையைக் குறை சொல்லிப் பயனில்லை.)

தோற்ற பூனைக்கு ஒளிய இடம் வேண்டும், ஏற உயரம் வேண்டும். நூல் கோன் வரும் அட்டைப்பெட்டியில் எதிரெதிராக இரண்டு ஓட்டை போட்டு வைத்தால் நல்ல மறைவிடம். ஓட்டை ஒன்றே இருந்தால் அதுவே பொறியாகிவிடும். ஒரு வாசலில் எதிரி நின்றால் மறு வாசலில் ஓட வழி வேண்டும். சுவரில் நான்கடி உயரத்தில் ஒரு பலகை அடித்துச் சாக்குப் போட்டால் இன்னொன்று. சிறுநீர் பட்ட இடத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவாதீர்கள். அது பூனைக்கு நஞ்சு. சோப்புத்தூள் கரைத்த நீரால் கழுவி வெயிலில் காயவிடுவதே போதும்.

பிரித்துச் சேர்க்கும் முறை

பகை முற்றிய இரண்டு பூனைகளை முகத்துக்கு முகம் பிடித்து, “சண்டை போடாதே” என்று உட்கார வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இதைவிடக் கேடான வழி இல்லை. அடிப்பதும் அப்படியே. அடிபடும்போது எதிரில் இருந்த பூனையோடு அந்த வலியைச் சேர்த்து நினைத்துக்கொள்ளும், பகை இரட்டிக்கும்.

செய்ய வேண்டியது இது. முதலில் இரண்டையும் முற்றாகப் பிரித்துவிட வேண்டும். ஒன்று தீவன அறையில், ஒன்று வீட்டுக்குள் என்று கதவை அடைத்து ஒரு வாரம் வைக்கலாம். சண்டைக்காரப் பூனையைச் சிறிய அறையில் விட்டு, அடிபட்டதைத் தாராளமாக நடமாட விடுவது நல்லது. பயந்தது தைரியம் பெற அதுவே வழி.

பூனைக்கு முகத்தைவிட வாசனைதான் அடையாளம். இங்கே நம் திருப்பூர்ப் பகுதிக்கு ஒரு வசதி இருக்கிறது. எங்கு பார்த்தாலும் பனியன் வெட்டுத்துணி கிடைக்கிறது. சுத்தமான துணித்துண்டு ஒன்றை எடுத்து ஒரு பூனையின் கன்னத்திலும் தாடையிலும் மெதுவாகத் தேய்த்து, அதை மற்றப் பூனையின் தட்டுக்கு அருகில் வைக்க வேண்டும். இதிலிருந்து அதற்கும் அவ்வாறே. முதலில் சீறும். சீறினால் துணியைச் சற்றுத் தள்ளி வைத்து, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டின் பக்கம் நகர்த்த வேண்டும். துணியைப் பொருட்படுத்தாமல் தின்னத் தொடங்கினால் அடுத்த படிக்குப் போகலாம். படுக்கைச் சாக்குகளையும் மாற்றிப் போடலாம்.

அடுத்து, மூடிய கதவின் இருபுறமும் தட்டை வைத்து ஒரே நேரத்தில் தீனி போட வேண்டும். கதவிலிருந்து எட்டடி தூரத்தில் தொடங்கி, நாளுக்கு அரையடி ஓரடி என்று கதவை நோக்கி நகர்த்த வேண்டும். கதவை ஒட்டி அமைதியாகத் தின்றால், கதவுக்குப் பதிலாகக் கம்பி வலையோ கொசு வலைச் சட்டமோ வைத்து, மீண்டும் தூரத்திலிருந்து தொடங்க வேண்டும். எதிரியைப் பார்க்கும்போதெல்லாம் ஈரல் கிடைக்கிறது என்ற எண்ணம் அதற்குப் படிய வேண்டும். அதற்குப் பிறகே வலையை நீக்கி, நாளுக்கு ஐந்து நிமிடம், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சேர்த்து விடலாம். உறுத்துப் பார்க்கத் தொடங்கினாலே ஒரு அட்டையை இடையில் செருகிப் பார்வையை மறைத்துப் பிரித்துவிட வேண்டும். சண்டை மூண்டுவிட்டால் முந்தைய படிக்குத் திரும்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

இதற்கு எத்தனை நாள் ஆகும்? சில பூனைகளுக்கு இரண்டு வாரம். சிலவற்றுக்கு இரண்டு மூன்று மாதம். தறிவேலையும் காட்டுவேலையும் இருக்கும் வீட்டில் இது நடக்குமா என்று கேட்பீர்கள். காலையும் மாலையும் எப்படியும் தீனி போடுகிறோம். அந்தப் பத்து நிமிடத்தை இந்த முறையில் போட்டால் போதும்.

மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும் பூனை மருந்து வாசனையோடு வரும். வீட்டிலிருந்த பூனைகள் அதை அயலான் என்று எண்ணிப் பாயும். ஒரு நாள் தனியே வைத்து, அதன் பழைய படுக்கைத் துணியால் துடைத்து விட்டபின் சேர்க்க வேண்டும். காயடித்துக் கொண்டுவந்த அன்றே புதுச் சண்டை தொடங்கும் வீடுகளில் பெரும்பாலும் காரணம் இதுதான்.

மருந்தைப் பொறுத்தவரை பெயர் சொல்லி இங்கே எழுதப் போவதில்லை. சில பூனைகளுக்கு மன அமைதிக்கான மாத்திரை உதவும். அதை மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். காய்ச்சலுக்கும் வலிக்கும் நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். அதன் உடலில் அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. மாட்டு உண்ணிக்கு அடிக்கும் மருந்தைப் பூனையின் மேல் தடவுவதும் ஆபத்து.

கடிபட்டால்

சண்டையிடும் பூனைகளுக்கு நடுவே கையையோ காலையோ விடக் கூடாது. தட்டு ஒன்றைக் கீழே போட்டுச் சத்தம் எழுப்பலாம், கெட்டியான சாக்கை மேலே வீசலாம், முறத்தையோ பலகையையோ நடுவில் செருகலாம். கடிபட்ட பூனையின் உடலில் ஊசி குத்தியதுபோலச் சிறு துளைதான் தெரியும். அது மேலே மூடிக்கொண்டு இரண்டு நான்கு நாளில் உள்ளே சீழ்க்கட்டி வைக்கும். சோறு தின்னாமல் சுருண்டு படுத்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மனிதரைக் கடித்தால் அலட்சியம் கூடவே கூடாது. வெறிநாய்க்கடி நோய் என்ற பெயரால் அது நாயிடமிருந்து மட்டும் வரும் என்று நினைக்கிறோம். வெறிநாய் கடித்த பூனைக்கும் அந்நோய் வரும். நோய் கண்ட பூனை காரணமில்லாமல் பாய்ந்து முகத்திலும் கையிலும் கடிக்கும். தோட்டத்தில் தெருநாயோடு மோதும் பூனைக்கு இது நேரக்கூடியதே. நோய்க்குறி மனிதரிடம் தோன்றிவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. தோன்றுமுன் முறையாக ஊசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம்.

கடித்த, பிறாண்டிய இடத்தைக் குழாய் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்கக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள் என்ற பயத்தில் இன்றும் சில பெரியவர்கள் மறைத்துவிடுகிறார்கள். அந்தப் பழைய ஊசி மருந்து 2004ஆம் ஆண்டோடு நம் நாட்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது போடுவது புயத்தில். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று நான்கு முறை. இரத்தம் வருமளவு கடி என்றால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து போடுவார்கள். தவணை தவற விடக் கூடாது.

ஊசியைத் தொடங்கிவிட்டு, கடித்த பூனையைப் பத்து நாள் அடைத்து வைத்துக் கவனிக்க வேண்டும். பத்து நாளும் நன்றாகத் தின்று நலமாக இருந்தால் கடித்தபோது அதன் உமிழ்நீரில் நோய்க்கிருமி இல்லை என்று பொருள். மேற்கொண்டு எத்தனை ஊசி தேவை என்பதை மருத்துவர் சொல்வார். பூனையைச் சாக்கில் கட்டித் தூரத்தில் விட்டவருக்கு இந்த வழி அடைபட்டுப் போகிறது. அது இருக்கிறதா, செத்ததா என்றே தெரியாமல் தவிக்க வேண்டும். அத்துடன் அது நோய்கண்ட பூனையாக இருந்தால் இன்னொரு ஊர்ப் பிள்ளைகளுக்கு நோயை அனுப்பி வைத்ததாகும். வீட்டுப் பூனைகள் எல்லாவற்றுக்கும் மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு ஆண்டுதோறும் புதுப்பித்துவந்தால் இந்தக் கவலை பெருமளவு குறையும்.

ஒத்துப்போகாதவை

எல்லாம் செய்தும் சேராத பூனைகள் உண்டு. அப்போது ஒன்றை வேறிடத்துக்கு அனுப்புவதில் தவறில்லை. ஆனால் அது இன்னொரு வீடாக இருக்க வேண்டும், புறம்போக்காக இருக்கக் கூடாது. பூனை இல்லாத கொப்பரைக் களம், கோழிப்பண்ணைத் தீவனக் கிடங்கு, உறவினர் தோட்டம் இவற்றில் கேட்டால் வாங்கிக்கொள்ள ஆள் இருப்பார்கள். மற்றப் பூனைகளோடு சண்டையிடும் பூனை தனியாக இருக்கும் இடத்தில் நல்ல எலிவேட்டைக்காரனாகிவிடுவதும் உண்டு. காயடித்து, ஊசி போட்டுக் கொடுக்க வேண்டும். அதன் பழைய படுக்கைச் சாக்கையும் கூடவே அனுப்ப வேண்டும். புது இடத்தில் மூன்று நான்கு வாரம் ஓர் அறையிலேயே அடைத்து, தீனியும் தண்ணீரும் மணல் பெட்டியும் அங்கேயே வைத்து, தட்டைத் தட்டிக் கூப்பிட்டால் வரும்படி பழக்க வேண்டும். முதன்முதலாக வெளியே விடும் நாளில், மாலைத் தீனிக்குச் சற்று முன்னால், பசியோடு விட வேண்டும். அரைமணி கழித்துத் தட்டைத் தட்டினால் திரும்பி வந்துவிடும்.